சதங்கை மௌனமான ஒக்டோபர்

சதங்கைத் தடம்: யாழ்ப்பாணத்து ஆடற் பெண்களின் கதை
பகுதி 17

கனகியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 19ஆம் நூற்றாண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடியவள். யாரிடம் படித்தாள், எந்தப் பதத்துக்கு ஊர் வாயடைத்து நின்றது, எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியது நட்டுவச் சுப்பையனார் அவளை வைத்துப் பாடிய 'கனகி புராணம்' என்ற நையாண்டி மட்டுமே. அதிலும் சில பாடல்கள்தான். அவளைப் பாடிச் சிரித்த நாவின் பெயர் நமக்குத் தெரியும். ஆடிய காலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு நடந்ததைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பெண்கள் ஆடுவதை எதிர்த்து ஆறுமுக நாவலர் எழுதினார். அவர் காலத்துக்குப் பிறகும் சின்னமேளம் என்ற அந்தப் பெண்களின் ஆட்டம் பல கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது மெல்ல மறைந்தது. கடல் கடந்த சென்னையிலும் காற்று அதே பக்கம்தான் வீசியது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1947இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது.

நம் கொக்குவிலில் ஏரம்பு சுப்பையா 'கலாபவனம்' நடத்தினார். கோயில் வீதியில் ஆடக் கூடாதென்று விரட்டப்பட்ட ஆட்டம், புதுப் பெயரோடு, 'நல்ல குடும்பத்துப்' பிள்ளைகளின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள், தரங்கள், சான்றிதழ்கள் எல்லாம் கூடவே வந்தன. வந்து சேராதவர்கள் ஒரு கூட்டம் மட்டும்தான். அதற்கு முன்பு அதை ஆடிக்கொண்டிருந்த பெண்கள்.

இந்த வாரம், அந்த விறாந்தைகளிலும் சதங்கை ஓய்ந்துபோன ஒரு மாதத்தின் கதை.

* * *

1987இல் என் சின்னம்மாவுக்குப் பதினெட்டு வயது. கொக்குவில் கிழக்கில் ஒரு வீட்டு விறாந்தையில் வாரம் மூன்று நாள் நடன வகுப்பு. வர்ணம் முடித்துப் பதம் தொடங்கியிருந்தார். சதங்கையை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவார். காங்கேசன்துறை வீதியில் அவர் போகும்போது கரியரிலிருந்து சில்லுச் சில்லென்று சத்தம் வருமாம். சந்தியில் நிற்கும் சுருட்டுக் கொட்டில் ஆட்கள், "டீச்சருக்குப் பிந்திப் போச்சு போல" என்று பகிடி பண்ணுவார்களாம்.

"பேரை மட்டும் எழுதிப் போடாதை தம்பி" என்றார், இந்தத் தொடருக்காக அவரிடம் கேட்டபோது. எழுதவில்லை.

ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அமைதிப் படை வந்து இறங்கியது. சனம் மாலை போட்டு வரவேற்றது. ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் வகுப்பு நடந்தது. செப்டெம்பர் கடைசியில் புலிகள் இயக்கத்தின் திலீபன் நல்லூரில் உண்ணாவிரதமிருந்து இறந்தார். ஒக்டோபர் முதல் கிழமை ஊரின் முகம் மாறியது.

ஒக்டோபர் 11 நள்ளிரவு.

முதலில் நாய்கள் குரைத்தன என்கிறார் சின்னம்மா. பிறகுதான் ஹெலிச் சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். தென்னங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் எட்டுப் பேர். அம்மம்மா கந்தசஷ்டி கவசத்தைத் தொடங்குவார், நடுவில் மறப்பார், திரும்பத் தொடங்குவார்.

இந்தியப் படையின் ஹெலிகொப்டர்கள் இறங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில். இலக்கு, அதை அடுத்துக் கொக்குவில் பிரம்படிப் பக்கம் இருந்த புலிகளின் தலைமையகம். கீழே புலிகள் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கிய காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் இறந்தனர். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். வானிலிருந்து வந்து இறங்கிய அந்த இளைஞர்களுக்குத் தாங்கள் நிற்பது எந்த ஊர் என்றாவது தெரிந்திருக்குமா என்று இன்றும் எனக்குத் தோன்றும். பஞ்சாபில் ஏதோ ஒரு வீட்டிலும் அன்றிரவு ஒரு தாய் விழித்திருப்பாள்.

சிக்கிக்கொண்டவர்களை மீட்கத் தாங்கிகள் வந்தன. வீதியில் கண்ணிவெடி இருக்குமென்று ரயில் பாதை வழியாக வந்தன. பிரம்படியில் சுமார் 40 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். சுடப்பட்டவர்கள் உண்டு. தாங்கிச் சங்கிலியின் கீழ் நசிந்தவர்களும் உண்டு. அந்த ஒழுங்கையில் இன்று ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

சின்னம்மா வீட்டார் விடிந்ததும் நல்லூர்க் கோயிலுக்கு ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே. அதே மாதம், சனம் நிரம்பியிருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியில் ஷெல் விழுந்து 30 பேருக்கு மேல் இறந்தனர். தீபாவளியன்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர்.

நாவலர் பெண்கள் ஆடக் கூடாதென்ற அதே நல்லூர். அந்தக் கோயில் மண்டபத்தில்தான் சின்னம்மா பல நாள் பாயில்லாமல் படுத்திருந்தார்.

நவம்பரில் வீடு திரும்பியபோது படலை இல்லை. வளவில் உடுப்புகள், அரிசி, படச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவில் சதங்கைத் துண்டு அவிழ்ந்து கிடந்தது. தோல் வாரை எலி கடித்திருந்தது. மணிகள் மண்ணுக்குள் சிதறிக் கிடந்தன. குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டாராம். எத்தனை மணி குறைந்தது என்று கேட்டேன்.

"பதினொண்டு."

முப்பத்தேழு வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கணக்கு அவருக்கு மறக்கவில்லை.

* * *

வகுப்பு மறு வருடம் திரும்பத் தொடங்கியது. சின்னம்மா ஒரே ஒரு நாள் போனார்.

டீச்சர் தட்டுக்கழியை எடுத்து மனையில் தட்டினார். "தெய்யா தெய்." முதல் தட்டுக்கே சின்னம்மா நிலத்தில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டார். வெடிச்சத்தம் என்று உடம்பு நினைத்துவிட்டது. மூளை இல்லையென்றது, உடம்பு கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களில் இரண்டு பேரும் விழுந்திருந்தார்கள்.

தாளம் காதுக்குள் போய்க் காலில் இறங்குவதுதான் நடனத்தின் அடிப்படை. அந்த வழியே அடைபட்டால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் இதைப் பொறுமையாகப் பார்த்து எழுதியவர் உளமருத்துவர் தயா சோமசுந்தரம். போர் நம் சனத்தின் மனத்தில் விட்ட வடுவைப் பற்றி 1998இல் அவர் எழுதிய ஆங்கில நூல் இன்றும் அந்தத் துறையில் முதலில் எடுத்துப் படிக்கப்படுகிறது. நம் பெண்கள் டொக்டரிடம் போய் "எனக்குத் துக்கம்" என்று சொல்வதில்லை. தலையிடி என்பார்கள். நெஞ்சு நோகுது, கை கால் விறைக்குது என்பார்கள். பெருமூச்சு வருது என்பார்கள். பெருமூச்சு என்ற இந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று கவனித்துப் பதிந்தவர் அவர். தனி ஆளின் நோயாக மட்டும் இதைப் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து நோயுற்றிருக்கின்றன என்றும் அவர் வலியுறுத்தினார்.

உடம்பு பேசுகிறது. அப்படியானால் அந்தப் பேச்சைக் கேட்க உடம்பின் கலைக்குத்தானே முதல் உரிமை? பரதம் ஏன் அன்று வாய் திறக்கவில்லை?

என் பதிலைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சதிரின் இதயம் காத்திருப்பு. வராத ஒருவனுக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் பெண், தோழியைத் தூது விடுகிறாள், ஏசுகிறாள், அழுகிறாள், வாசலைப் பார்க்கிறாள். கனகி போன்றவர்கள் அதை வாழ்ந்து ஆடினார்கள். அந்த ஆட்டத்தை நாம் வீட்டுக்குள் எடுத்தபோது அதன் காமத்தைக் கண்டு கூசினோம். பதங்களைக் குறைத்தோம். கீர்த்தனைகளைக் கூட்டினோம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சிவ தாண்டவமும் கிருஷ்ண லீலையும் போதும் என்று முடிவு செய்தோம். ஆசையை வடிகட்டும்போது ஏக்கமும் சேர்ந்து வடிந்துவிட்டது. பிறகு நம் பெண்களே வாசலில் காத்திருக்க வேண்டிய காலம் வந்தது. பிடித்துக்கொண்டு போன கணவனுக்காக, காவலரணில் மறிக்கப்பட்ட மகனுக்காக. அப்போது அதைக் காட்டும் முத்திரை நம் கையில் இல்லை.

* * *

அரங்கக்காரர்கள் அந்த இடத்துக்கு முதலில் வந்தார்கள்.

இரண்டு வருடம் பின்னால் போவோம். 1985. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போனது. நாடகம் என்று சொன்னாலும் பாதி ஆட்டம். கூட்டமாக அசையும் உடம்புகள், சுமக்கும் தோள்கள். கோயில் வீதியில், பள்ளிக்கூட வளவில், மேடையில்லாத வெளியில் அது நடந்தது.

1986இல் பெண்கள் பக்கத்தில் இரண்டு விடயங்கள் நடந்தன. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. ஈழத்துப் பெண்கள் தங்கள் குரலில் எழுதியவற்றை ஒன்றாகக் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அதே ஆண்டில் சி. மௌனகுருவின் 'சக்தி பிறக்குது' நாட்டிய நாடகம் மேடையேறியது. பெண் ஒடுக்கப்படுவதைப் பற்றிப் பெண்களே ஆடினார்கள். தெய்வக் கதை இல்லை. நாயகன் இல்லை. வீட்டு வேலை, சீதனம், அடி.

சின்னம்மா அதைப் பார்த்திருக்கிறார். "அதில ஆடினவை எங்கட டீச்சரிட்ட சொல்லியிருந்தா, நானும் போயிருப்பன். ஆனா வீட்டில விடமாட்டினம் எண்டு தெரியும்" என்றார்.

அதாவது 1987 ஒக்டோபருக்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது. போர் அதைச் சாத்திவிட்டது.

முழுதாகச் சாத்தவில்லை. 1991இல் சண்முகலிங்கம் 'அன்னை இட்ட தீ' எழுதினார். பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடியதிலிருந்து வந்த தலைப்பு. போரால் உள்ளம் உடைந்த மனிதர்களை யாழ்ப்பாண மேடையில் நேருக்கு நேர் நிறுத்திய நாடகம் அது. பிணியை மறைக்காமல், விசர் என்று ஒதுக்காமல், இது நம் எல்லோருக்கும் வந்திருக்கிறது என்று சொன்னது. மறு வருடம் 'எந்தையும் தாயும்': பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெரிய வீட்டில் தனித்துப்போன முதியவர்கள். திருநெல்வேலியில் இருந்துகொண்டு, நாலு ஒழுங்கை தள்ளி நடப்பதை அப்படியே பார்த்து எழுதினார் அந்த மனிதர். 2025 ஜனவரியில் அவர் காலமானபோது யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை முழுவதும் தன் வாத்தியாரை இழந்தது.

சிதம்பரநாதன் இன்னொரு பக்கம் போனார். நடிகர், பார்ப்பவர் என்ற கோட்டை அழித்தார். பட்டறைகளில் வட்டமாக நிற்க வைத்து, சடங்குகளிலும் கூத்திலுமிருந்து ஆட்டத்தை எடுத்து, வந்தவர்களையே ஆட விட்டார். அழுதவர்கள் அழுதார்கள். அழ விட்டது பெரிய காரியம். நம் ஊரில் செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, மார்பில் அடித்து, ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் சாய்ந்து அழுவது எவ்வளவு பழைய மருந்து! அதை நாகரிகமில்லை என்று படித்தவர்கள் விட்டோம். ஊரடங்கும் ஷெல்லும் வந்த பிறகு விட்டவர்கள் விடாதவர்கள் எல்லோருக்கும் அது இல்லாமல் போனது. பிணமே கிடைக்காத வீட்டில் எப்படி ஒப்பாரி வைப்பது?

கிழக்கில் பெண்கள் இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தார்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் ஓவியர் வாசுகி ஜெய்சங்கர் போன்றவர்களும் பாட்டையும் ஆட்டத்தையும் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். சாதியாலும் சாவாலும் தீட்டு என்று தள்ளப்பட்ட பறையைப் பெண்கள் தோளில் மாட்டினார்கள். அது தனிக் கதை. அதற்கு ஒரு முழு வாரம் வேண்டும், தருவேன்.

* * *

1995 ஒக்டோபர் 30. மீண்டும் ஒக்டோபர்.

இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் அடி எடுத்து வைக்க இடமில்லை. சின்னம்மாவின் இடுப்பில் நான்கு வயது மகள். கையில் ஒரு பை. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பால்மா, ஹோர்லிக்ஸ் போத்தல்.

"அதை ஏன் தூக்கினீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை" என்றார்.

* * *

இப்போது கதை கடல் தாண்டுகிறது.

சிட்னியில் ஆனந்தவல்லி என்ற ஈழத்துத் தமிழ் நடனக் கலைஞர் இருக்கிறார். லிங்காலயம் என்ற நடனக் குழுவை அமைத்தவர். அவர் மகன் சக்திதரன் நாடக ஆசிரியர். வளரும்போது தன் தாய் இலங்கையைப் பற்றிப் பேசவே மாட்டார் என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வீட்டில் பரதம் இருந்தது, பாட்டு இருந்தது, நாடு மட்டும் இல்லை. தாய் பேசாததை மகன் தேடத் தொடங்கினார். புத்தகம் புத்தகமாக, ஆள் ஆளாகப் பல வருடங்கள். அந்தத் தேடல்தான் 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே மேடையில். ஒரு மகனும் தாயும் பாட்டியின் அஸ்தியை சிட்னியின் ஜோர்ஜஸ் ஆற்றில் கரைப்பதில் அது தொடங்குகிறது. பிறகு அது எடின்பரோவுக்கும் நியூயோர்க்குக்கும் போனது.

மகன் எழுத எழுதத் தாய் வாய் திறந்தார். 2022இல் மகனுடைய அடுத்த நாடகத்தில் ஆனந்தவல்லியே நடித்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு வாழும் ஒரு தாயாக. வாழ்நாள் முழுவதும் கண்ணால் அபிநயம் பிடித்த ஒரு நாட்டியக்காரியின் கண்ணைக் கட்டிவிட்டு மேடையில் நிறுத்துவதென்றால் அது எவ்வளவு பெரிய முடிவு என்று நடனம் படித்தவர்களுக்குத் தெரியும். உடம்பின் மற்ற எல்லாம் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஆனால் இந்தக் குடும்பக் கதையில் இன்னொரு இழை இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் நான் வரலாறு எழுதுபவனில்லை.

சக்திதரனின் பூட்டனார் சி. சுந்தரலிங்கம். கொக்குவிலிலிருந்து சில மைல் தள்ளி உரும்பிராயில் பிறந்த கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், தமிழருக்காக உரத்துப் பேசியவர். அதே சுந்தரலிங்கம்தான் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடமாட்டேன் என்று நின்றவர்.

நம் வீடுகளின் மௌனத்துக்குள் நமக்கு நடந்தது மட்டும் கிடக்கவில்லை. நாம் செய்ததும் சேர்ந்தே கிடக்கிறது. ஒன்றைத் தோண்டி எடுக்கும்போது மற்றதை மண்ணுக்குள் தள்ளிவிட முடியாது.

* * *

சிட்னித் தமிழர் குடியிருக்கும் மேற்குப் பகுதி டருக் மக்களின் நிலம். அந்த மண்ணின் ஆதிக்குடிகளிடமிருந்து பிடுங்கப்பட்டது. நாம் ஓடிப்போய் ஒதுங்கிய வளவுக்கும் ஒரு பழைய உறுதி இருக்கிறது, அது நம் பெயரில் இல்லை.

1910க்கும் 1970க்கும் இடையில் அவுஸ்திரேலிய அரசாங்கங்கள் ஆதிக்குடிக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தன. மொழி போனது, பாட்டு போனது, ஆட்டமும் போனது. 1997இல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பெப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த மன்னிப்புக்கு வெகு முன்னரே ஆதிக்குடியினர் ஆடத் தொடங்கியிருந்தார்கள். 1989இல் சிட்னியில் 'பங்காரா' என்ற நடனக் குழு பிறந்தது. விராஜுரி மொழியில் அந்தச் சொல்லுக்குத் தீ மூட்டுவது என்று பொருள். அன்னை இட்ட தீ என்று இங்கே ஒருவர் எழுதிய காலத்தில், அங்கேயும் தீ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

2008இல் அந்தக் குழு 'மத்தின்னா'வை ஆடியது. மத்தின்னா என்ற தஸ்மேனியாவின் ஆதிக்குடிச் சிறுமியை ஆளுநர் பிராங்ளின் குடும்பம் எடுத்து வளர்த்தது. 1843இல் அவர்கள் ஊர் திரும்பியபோது அவளை அநாதை விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். சிவப்புச் சட்டை போட்ட அவளுடைய ஓவியம் ஒன்று இருக்கிறது. கனகிக்கு ஒரு நையாண்டிப் பாட்டு எஞ்சியது போல, அவளுக்கு மற்றவர்கள் வரைந்த ஒரு படம் எஞ்சியது. அந்தப் படத்துக்குள் நின்றவளைப் பங்காரா நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் கழித்து ஆடி வெளியே கொண்டுவந்தது.

2023இல் பங்காராவின் கலை இயக்குநராக வந்தவர் பிரான்ஸிஸ் ரிங்ஸ். ஆதிக்குடி வழிவந்த பெண். பொறுப்பேற்ற கையோடு அவர் ஆக்கிய நடனம் 'யுல்டியா'. பாலைநில ஓரத்தில் ஒரு நீர்ச்சுனையின் பெயர் அது. அவருடைய முன்னோர் கூடிய இடம். 1917இல் முடிந்த பெரும் ரயில் பாதை அந்தச் சுனையின் நீரை நீராவி இயந்திரங்களுக்கு உறிஞ்சியது. 1950களில் பக்கத்தில் மரலிங்காவில் பிரித்தானியர் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். அங்கிருந்த சனம் ஏற்கெனவே வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது.

இதை அவர் எப்படி ஆட்டமாக்கினார் என்பதுதான் நமக்கு முக்கியம். பழைய ஆட்டத்தை அப்படியே மேடையில் வைக்கவில்லை. நவீன நடனத்தை வாங்கி வந்து மேலே பூசவும் இல்லை. மூத்தவர்களிடம் போய்க் கேட்டு, எதை ஆடலாம் எதை ஆடக் கூடாது என்று அனுமதி வாங்கி, அந்தக் கதைகளை இளையவர்களின் உடம்புக்குள் இறக்குவது பங்காராவின் வழக்கம். அனுமதி என்ற அந்தப் படிதான் என்னை நிறுத்திவைத்தது. நாம் சதிரை எடுத்தபோது யாரிடம் அனுமதி கேட்டோம்?

நமக்கும் அவர்களுக்கும் ஒரே கதை என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய். அவர்கள் இழந்தது ஒரு கண்டம். ஆனால் கேட்கும் முறையை அவர்களிடம் கற்கலாம்.

* * *

கொக்குவிலுக்கு வருகிறேன்.

1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது, சில மாதங்களில் கொக்குவிலைத் தாண்டிக் காங்கேசன்துறைக்கும் போனது. போர்க் காலத்தில் சனம் சிலிப்பர்க் கட்டைகளைக் கழற்றிப் பங்கர் போட்ட அதே பாதை. தாங்கிகள் வந்த அதே பாதை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் குந்தினார்கள். வருடங்கள் போய்விட்டன. மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கும் அந்தப் பார்வையை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பதம் ஆடுபவர்கள் ஒரு நாள் அவர்களோடு போய் இருந்து பார்க்க வேண்டும். மேடைக்காக இல்லை. ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள.

சின்னம்மாவின் மகள் இன்று கனடாவில். பேத்திக்கு ஒன்பது வயது, அங்கே நடனம் படிக்கிறாள். போன வருடம் விடுமுறைக்குக் கொக்குவில் வந்தாள். விறாந்தையில் நின்று அலாரிப்பு ஆடிக் காட்டினாள். தட்டுக்கழி இல்லை, கைபேசியில் ஜதி ஓடியது. சின்னம்மா வழக்கம்போல அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"அரைமண்டி காணாது பிள்ளை. இன்னும் இரு. முழங்கால் வெளியில பாக்க வேணும்."

கையில் தேங்காய் துருவிய ஈரம். பேத்தியின் முழங்காலைப் பிடித்து மெல்ல விரித்துவிட்டார். கைபேசியில் ஜதி ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் காதைப் பொத்தவில்லை. தானும் இருந்து காட்டவில்லை.

"அம்மம்மா, உங்களுக்கு டான்ஸ் தெரியுமா?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஹோர்லிக்ஸ் போத்தலைக் கொண்டுவந்து பேத்தியின் கையில் கொடுத்தார். பிள்ளை குலுக்கிப் பார்த்தாள். மணிகள் துருப்பிடித்துப்போய்ச் சத்தம் அடைத்திருந்தது.

அந்தப் போத்தலைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சின்னமேளம் நின்றபோது அந்தப் பெண்களும் சதங்கையைக் கழற்றி எங்கேயோ வைத்திருப்பார்கள். அவர்களுக்கும் மகள் இருந்திருப்பாள், பேத்தி இருந்திருப்பாள். அந்தப் பேத்தி இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகவோ, வங்கியில் வேலை பார்ப்பவளாகவோ, நம் அடுத்த வீட்டிலோ இருக்கலாம். அவள் வீட்டிலும் ஒரு அடுப்படிக் கதவு சாத்தியிருக்கும். போரைப் பற்றி நாம் இப்போது பேசுகிறோம். அந்தக் கதவைத் தட்ட இன்னும் யாரும் போகவில்லை.

கொக்குவில், தாவடி, இணுவில், வண்ணார்பண்ணைப் பக்கத்துக் கோயில்களின் பழைய திருவிழா நோட்டீஸ்கள் யார் வீட்டிலாவது இருந்தால் எழுதுங்கள். 1950க்கு முந்தியவை. மேளகாரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே, ஆடிய பெண்களின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா?

(தொடரும்)